மண்ணடி வரலாறு – 12: தாழியும் தங்கப் பெட்டியும்

சென்ற இதழில் இரணைமடுக் கிரவலோடு நின்றோம். வட்டக்கச்சி வயல்களுக்குத் தண்ணீர் தரும் குளத்தின் பெயரைத் தாங்கிய அந்த மண்படிவத்தையும், அதற்குள் கிடக்கும் கற்கருவிகளையும் துருவி ஆராய்ந்தவர் சிரான் தெரணியகல. அவருடைய தந்தை போல் தெரணியகல தேசிய நூதனசாலைகளின் பணிப்பாளராக இருந்தவர். 1956இல் வில்பத்துக் காட்டோரம் பொம்பரிப்பில் முதுமக்கள் தாழிகளைத் தோண்டியவர். இந்தப் பகுதியில் அந்தத் தாழிகளிடம்தான் போகவேண்டும். ஆனால் நேரே போகமுடியாதபடி ஒரு கேள்வி வழியை மறித்துக்கொண்டு நிற்கிறது. கிரவல் கட்டுரையைப் படித்துவிட்டு உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் கேட்டான்: "எகிப்துக்காரன் செத்த ராசாவுக்குத் தங்கத்தில பெட்டி செய்தவன். எங்கட ஆக்கள் மட்டும் ஏன் பானையோட நிப்பாட்டினவை?"

கேட்கவேண்டிய கேள்விதான். ஆனால் அந்தக் கணக்கில் ஒரு பிழை இருக்கிறது. எகிப்தில் செத்தவர்கள் எல்லாரும் ராசாக்கள் இல்லை. நைல் ஆற்றோரம் வாழ்ந்து மடிந்த ஆயிரமாயிரம் பேருக்குக் கிடைத்தது பாலை மணலில் ஒரு குழியும், பக்கத்தில் நாலு பானையும்தான். எகிப்தின் பழைய காலத்தை ஒழுங்குபடுத்தித் தந்தது அந்தப் பானைகள்தான், தங்கம் இல்லை. பிளிண்டர்ஸ் பெற்றி என்ற ஆங்கிலேயர் 1894–95இல் நக்காடா என்னும் இடத்தில் ஆயிரக்கணக்கான சாதாரணக் குழிகளைத் தோண்டினார். கல்வெட்டு இல்லை, அரசன் பெயர் இல்லை, ஆண்டு இல்லை. எது முந்தியது, எது பிந்தியது என்று சொல்ல எந்தக் கைப்பிடியும் இல்லை. அவர் சுமார் 900 குழிகளைத் தெரிந்தெடுத்து, குழிக்கு ஒரு சீட்டாக, அதில் இருந்த பானைகளின் வடிவங்களை எழுதினார். பிறகு அந்தச் சீட்டுகளை மேலும் கீழுமாக மாற்றி அடுக்கிக்கொண்டே இருந்தார். ஒரு வடிவப் பானையின் கைபிடி மெல்ல மெல்லத் தேய்ந்து, கடைசியில் வெறும் கோடாகிப் போவதை அவருடைய கண் பிடித்துக்கொண்டது. அதை வைத்து முழுவதையும் வரிசைப்படுத்தினார். 1899இல் அதை வெளியிட்டார். இன்றைக்குக் கணினி செய்யும் வேலையை அன்றைக்கு மேசையில் பரப்பிய காகிதத் துண்டுகள் செய்தன.

பெற்றி எல்லாவற்றையும் சரியாகச் சொன்னவர் என்று நினைத்துவிட வேண்டாம். அந்தக் குழிகளுக்குரியவர்கள் வெளியிலிருந்து வந்து எகிப்துக்குள் புகுந்த 'புதிய இனத்தவர்' என்று முதலில் எழுதினார். அது தவறு, அவர்கள் எகிப்தியரின் முன்னோரே. அவருடைய முடிவு விழுந்தது, வரிசை விழவில்லை. எந்தக் குழியில் எந்தப் பானை என்று எழுதி வைத்திருந்தபடியால் பின்னால் வந்தவர்கள் அவருடைய சீட்டுகளை வைத்தே அவரைத் திருத்தினார்கள்.

அந்த நக்காடாப் பானைகளில் ஒரு வகை வயிறு சிவப்பும் வாய்ப்புறம் கறுப்புமாக இருக்கும். பொம்பரிப்பிலும் ஆனைக்கோட்டையிலும் ஆதிச்சநல்லூரிலும் கிடைக்கும் கறுப்பு–சிவப்பு மட்பாண்டத்தைப் பார்த்தவர்களுக்கு உடனே ஒரு குறுகுறுப்பு வரும். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் அறிஞர்கள் சிலருக்கும் வந்தது. தமிழனை எகிப்துக்கும் எகிப்தியனைத் தமிழகத்துக்கும் கப்பலேற்றினார்கள். இரண்டுக்கும் இடையில் ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேல் இருக்கிறது. சூளையில் பானையைக் கவிழ்த்து, வாய்ப்புறத்துக்குக் காற்றுப் படாமல் செய்தால் அந்த இடம் கறுக்கும். காற்றுப் பட்ட இடம் சிவக்கும். எந்த ஊர்க் குயவனும் தானாகக் கண்டுபிடிக்கக்கூடிய வித்தை இது. இதை வைத்து உறவு கொண்டாடுவதில் எனக்கு விருப்பமில்லை. உண்மையான உறவு ஒன்று இருக்கிறது; அதைக் கடைசியில் சொல்கிறேன்.

இனித் தங்கப் பெட்டிக்கு வருவோம்.

1922 நவம்பர் 4ஆம் திகதி ஹவார்ட் காட்டரின் ஆட்கள் மன்னர் பள்ளத்தாக்கில் ஒரு படிக்கட்டின் முதற்படியைக் கண்டார்கள். துட்டன்காமுனின் கல்லறை. இந்தக் கதையில் எல்லாரும் சொல்வது கதவைத் துளைத்து மெழுகுதிரி வெளிச்சத்தில் அவர் எட்டிப் பார்த்த கணத்தைத்தான். அதற்குப் பிறகு நடந்த பத்து வருட வேலையை யாரும் சொல்வதில்லை. நாலு சிறிய அறைகளைக் காலிசெய்ய 1932 வரை ஆனது. 5,398 பொருட்கள். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். ஒரு பொருளைத் தொடுவதற்கு முன் ஹரி பேர்ட்டன் அதைக் கிடந்தபடியே படம் பிடிப்பார், பிறகு எண்ணை வைத்து இன்னொரு படம், வரைபடத்தில் அதன் இடத்தைக் குறிப்பார்கள், அட்டையில் எழுதுவார்கள், அதன்பிறகுதான் கை வைப்பது. அல்பிரட் லூக்காஸ் என்ற இரசாயனவியலாளர் பக்கத்தில் இருந்த இன்னொரு கல்லறையையே ஆய்வுகூடமாக்கிக்கொண்டார். தொட்டால் தூளாகும் தோலையும் உலர்ந்த பூமாலையையும் மரத்தில் ஒட்டியிருந்த தங்கத் தகட்டையும் உருக்கிய பரபின் மெழுகு ஊற்றியும் தெளித்தும் நிலைப்படுத்தினார். அந்த மெழுகு காலப்போக்கில் கறுத்துத் தூசியைப் பிடித்துக்கொண்டது. கீசாவின் புதிய பேரருங்காட்சியகத்தில், 2025 நவம்பரில் முறையாகத் திறக்கப்பட்ட அதே இடத்தில், அந்தப் பொருட்களைத் துப்புரவாக்கிய இன்றைய ஆட்கள் லூக்காஸை ஏசியிருக்கலாம். ஆனால் மெழுகு இல்லாவிட்டால் ஏசுவதற்குப் பொருளே மிஞ்சியிராது.

காட்டரைப் புகழ்வதோடு விட்டால் அது அரைக் கதை. அரசனின் உடலைச் சுற்றி ஊற்றியிருந்த பிசின் இறுகி, உடலைப் பெட்டியோடு ஒட்டிவிட்டிருந்தது. 1925 நவம்பரில் டக்ளஸ் டெரி என்ற உடற்கூற்றியலாளரும் காட்டரும் அதைத் துண்டு துண்டாக வெட்டித்தான் வெளியே எடுத்தார்கள். பிறகு துண்டுகளை ஒரு மணல் தட்டில் முழு உடல்போல அடுக்கி வைத்துவிட்டார்கள். 1968இல் லிவர்பூலிலிருந்து ஹரிசன் என்பவர் எக்ஸ்ரே கருவியோடு போனபோது அது உலகத்துக்கு நன்றாக வெளித்தது. உலகத்தில் மிகக் கவனமாக நடந்தது என்று சொல்லப்படும் அகழ்விலேயே இப்படி.

இதே காலத்தில் எங்கள் பக்கத்தில் என்ன நடந்தது? தாமிரபரணிக் கரையில் ஆதிச்சநல்லூர். 114 ஏக்கர் பரப்பில் தாழிகள். 1876இல் பெர்லினிலிருந்து ஜாகோர் என்ற ஜேர்மானியர் வந்தார், தோண்டினார், கிடைத்ததை அள்ளிக்கொண்டு பெர்லினுக்குப் போய்விட்டார். பெற்றி தன் சீட்டு வரிசையை வெளியிட்ட அதே 1899இல் அலெக்சாந்தர் றீ அங்கே வேலை தொடங்கினார். பொன்னாலான நெற்றிப்பட்டங்கள், வெண்கலக் கலன்கள், இரும்பு வாள்கள், ஈட்டிகள் என்று ஆயிரக்கணக்கில் எடுத்தார். 1915இல் ஒரு பெரிய பட்டியல் நூலும் வந்தது. பட்டியலில் எல்லாம் இருக்கிறது, ஒன்றைத் தவிர. இந்தப் பொன் பட்டம் இருந்த தாழிக்குள் வேறு எவை இருந்தன, எலும்பு யாருடையது, தாழி மேலடுக்கா கீழடுக்கா என்று தேடப்போனால் பெரும்பாலும் கையை விரிக்கவேண்டியிருக்கும். பெற்றியின் நாலு உடைந்த பானைகள் றீயின் பொன்னைவிட அதிகம் பேசுவதற்குக் காரணம் இதுதான். மாணவனுக்கு என் மறுமொழியும் இதுதான்: எங்களிடம் தங்கம் இல்லாமல் இல்லை தம்பி, சீட்டுத்தான் இல்லை.

2004இல் சத்தியமூர்த்தி தலைமையில் இந்தியத் தொல்லியல் துறை மறுபடி அங்கே தோண்டியது. இந்த முறை தாழிகளை ஒழுங்காகப் பதிவுசெய்தார்கள். ஆனால் அறிக்கை பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் வெளிவரவில்லை. மதுரை உயர்நீதிமன்றக் கிளை தலையிடவேண்டியிருந்தது. எழுதி வெளியிடாத அகழ்வுக்கும் திருட்டுக்கும் மண்ணின் பக்கமிருந்து பார்த்தால் வித்தியாசம் குறைவு.

பொம்பரிப்பு ஆதிச்சநல்லூருக்கு எதிர்க்கரை. மன்னார் வளைகுடாவுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. 1920களில் ஹோகாட் அதைக் கண்டு குறித்தார், 1956இல் தெரணியகல, 1970இல் விமலா பெக்லி என்ற அமெரிக்கத் தொல்லியலாளரின் குழு. பெக்லியின் குழுவில் எலும்பைப் படிப்பதற்கென்றே ஆட்கள் இருந்தார்கள்: கென்னத் கென்னடி, ஜோன் லூக்காக்ஸ். ஒரு தாழிக்குள் ஒருவருடைய எலும்பு மட்டும் இல்லை, பலருடைய எலும்புகள் இருப்பதையும், உடலை முதலில் வேறெங்கோ விட்டு, சதை போனபின் எலும்பைப் பொறுக்கி வந்து தாழியில் இட்டிருக்கிறார்கள் என்பதையும் அவர்களால் சொல்ல முடிந்தது. உடல் கெடக்கூடாது என்று எகிப்தியர் எழுபது நாள் பாடுபட்டார்கள். பொம்பரிப்பாருக்கு உடல் கெட்டு முடிவதுதான் சடங்கின் முதற்படி.

ஆனைக்கோட்டை இன்னொரு மாதிரி. யாழ்ப்பாணக் கடனீரேரியோரம், கரையாம்பிட்டி என்ற மேடு. 1980இன் கடைசியில் அந்த மேட்டு மண்ணை வேறிடத்தில் பள்ளம் நிரப்புவதற்காக அள்ளிக்கொண்டிருந்தார்கள். மண்ணோடு ஓடும் எலும்பும் வந்தன. செய்தி யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்கு எட்டியது. பேராசிரியர் கா. இந்திரபாலா தலைமையில் ஒரு குழு போனது, பொ. இரகுபதி அதில் ஒருவர். நிதி இல்லை, வசதி இல்லை, மண் அள்ளுகிறவர்கள் காத்திருக்கப் போவதுமில்லை. அந்த அவசரத்திலும் அவர்கள் பெற்றியின் பக்கம் நின்றார்கள். இங்கே தாழி இல்லை. நீட்டி நிமிர்த்திக் கிடத்திய முழு உடல். சுற்றிலும் கறுப்பு–சிவப்புப் பானைகள். தலைமாட்டில் இருந்த கலன் ஒன்றுக்குள் மிகச் சிறிய ஒரு முத்திரை.

அந்த முத்திரையைப் பற்றி நிறைய எழுதியாயிற்று. மேல் வரியில் பெருங்கற்காலக் குறியீடுகள், கீழ் வரியில் பிராமி எழுத்துக்கள். கி.மு. 3ஆம் நூற்றாண்டளவினது. 'கோ' என்று தொடங்குகிறது என்பதில் பெரிய பிணக்கு இல்லை. மிச்சத்தை எப்படி வாசிப்பது என்பதில் ஆளுக்கொரு கருத்து. அந்த வழக்குக்குள் நான் போகவில்லை. அதே முத்திரை ஒரு டிப்பர் மண்ணோடு போய், யாரோ ஒருவருடைய வீட்டு அத்திவாரத்தில் கிடந்து, பிறகு ஒருநாள் கிடைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அது ஒரு பழைய சாமான். பிராமி எழுத்தோடு ஒரு வியாபாரி எங்கிருந்தோ கொண்டுவந்து தொலைத்தது என்று யாரும் சொல்லலாம், மறுக்க வழியிருக்காது. அது கலனுக்குள், கலன் தலைமாட்டில், தலை அந்தப் பானைகளுக்கு நடுவில் இருந்ததைக் கண்டவர்கள் எழுதிவைத்தபடியால்தான், பெருங்கற்காலப் பண்பாட்டு மக்கள் யாழ்ப்பாணத்தில் எழுத்தறிவோடு ஒரு தலைவனின் கீழ் வாழ்ந்தார்கள் என்று சொல்லமுடிகிறது. இரகுபதியின் ஆய்வு 1987இல் ஆங்கில நூலாக வந்தது. அதற்குள் நாடு போர்க்களமாகிவிட்டது. மாந்தையில் ஜோன் கார்ஸ்வெல் 1980இல் தொடங்கிய பெரிய அகழ்வும் 1984ஓடு நின்றது. ஆனைக்கோட்டையில் மறுபடி குழி வெட்டுவதற்கு 2024 வரை காத்திருக்கவேண்டியிருந்தது.

தாழி ஒன்றை எப்படி எடுக்கிறார்கள் என்பதைச் சொல்லாமல் போனால் இந்தப் பகுதி முழுமையாகாது. வட்டக்கச்சியில் கிணறு வெட்டியவர்களுக்கு மண் தெரியும். ஆனால் இது கிணறு வெட்டுவதற்கு நேர் எதிரான வேலை. முதலில் மேலே மண்ணின் நிறம் மாறும் இடத்தைப் பார்ப்பார்கள். இரண்டாயிரம் வருடத்துக்கு முன் வெட்டி மூடிய குழி சுற்று மண்ணிலிருந்து நிறத்தாலும் இறுக்கத்தாலும் வேறுபட்டுக் காட்டும். அந்த வட்டத்தைப் படம் பிடித்து, வரைந்து, பாதியை மட்டும் தோண்டுவார்கள். மற்றப் பாதி அப்படியே நிற்க, குழியின் குறுக்குவெட்டு சுவர்போலத் தெரியும். தாழியின் மூடி பெரும்பாலும் மண் பாரத்தால் உள்ளே விழுந்திருக்கும். தாழியே பல இடத்தில் வெடித்திருக்கும். சுற்றியிருக்கும் மண்தான் அதைத் தாங்கி நிற்கிறது. வெளிமண்ணை எடுக்க எடுக்கத் துணிப்பட்டியால் சுற்றிக் கட்டிக்கொண்டே போவார்கள். உள்மண்ணைச் சில விரற்கடை ஆழத்துக்கு ஒருமுறை எடுத்து, படிவாரியாகப் பைகளில் இட்டு எண்ணிடுவார்கள். அந்த மண் சல்லடைக்குப் போகும். பிறகு தண்ணீரில் கரைப்பார்கள். கருகிய நெல்லும் விதையும் மிதக்கும். மணி, பல் போன்றவை சல்லடையில் நிற்கும்.

எலும்பில்தான் பெரிய சங்கடம். ஈரத்தில் கிடந்த எலும்பு வெயில் பட்டவுடன் வெடித்து உதிரும். நிழலில், மெதுவாக, ஈரத்துணிக்குக் கீழே உலரவிடவேண்டும். அசற்றோனில் கரைத்த பரலொயிட் என்ற பிசினைத் துளித்துளியாக ஊட்டினால் எலும்பு இறுகும். ஆனால் பிசின் ஊட்டிய எலும்பில் காலக்கணிப்பும் மரபணுச் சோதனையும் சிக்கலாகும். ஆகவே எந்தத் துண்டைச் சோதனைக்கு ஒதுக்குவது, எதைக் காப்பாற்றிக் காட்சிக்கு வைப்பது என்பதைக் குழிக்குள் நிற்கும்போதே முடிவெடுக்கவேண்டும். லூக்காஸுக்கு இந்தத் தலையிடி இருக்கவில்லை. கரிமக் காலக்கணிப்பு அவருடைய காலத்தில் பிறக்கவேயில்லை. இன்றைக்கு நாங்கள் செய்யும் எந்த வேலை இன்னும் நூறு வருடத்தில் மெழுகாகத் தெரியப்போகிறதோ.

சிவகளையில் ஒரு தாழிக்குள் நெல் கிடைத்தது. ஆதிச்சநல்லூருக்குப் பக்கத்து ஊர்தான் சிவகளை. அந்த நெல்லை அமெரிக்காவின் மயாமி நகரிலுள்ள பீட்டா அனலிற்றிக் ஆய்வுகூடத்துக்கு அனுப்பினார்கள். கி.மு. 1155 என்று 2021இல் அறிவிப்பு வந்தது. செத்தவனுக்கு வழிச்சாப்பாடாக நெல்லை வைத்த வழக்கம் அவ்வளவு பழையது. இரணைமடு வாய்க்கால் திறக்கும் நாளைப் பார்த்திருக்கும் வட்டக்கச்சிக் கமக்காரருக்கு எந்தத் தங்கப் பெட்டியைவிடவும் அந்த நெல் நெருக்கமானது என்று நினைக்கிறேன்.

அதே மயாமி ஆய்வுகூடத்துக்கு 2019இல் மன்னாரிலிருந்தும் எலும்பு போனது. 2018 மார்ச்சில் மன்னார் நகரில் சதொச கட்டடத்துக்கு அத்திவாரம் வெட்டியபோது வெளிப்பட்ட புதைகுழி. முந்நூறுக்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள், அவற்றில் சிறுவர்களும். அந்த எலும்புகள் சில நூற்றாண்டுகளுக்கு முந்தியவை என்று முடிவு வந்தது. காணாமற்போன பிள்ளைகளைத் தேடிக்கொண்டிருந்த தாய்மாருக்கு அது ஆறுதலுமில்லை, விடையுமில்லை. அனுப்பிய எலும்புகள் முழுக் குழிக்கும் சாட்சியாகுமா என்று கேட்டார்கள். 2023 யூனில் முல்லைத்தீவு கொக்குத்தொடுவாயில் தண்ணீர்க் குழாய் பதிக்க வெட்டிய இடத்தில் இன்னொரு குழி. அங்கே தோண்டியவரும் மன்னாரில் தோண்டிய தொல்லியலாளர் ராஜ் சோமதேவதான். அதே சின்னக் கரண்டி, அதே தூரிகை, அதே சல்லடை, அதே எண்ணிட்ட பை. வன்னியில் அகழ்வு என்றால் முதலில் மனதுக்கு வருவது பொம்பரிப்பு அல்ல, இவைதான். இவற்றைத் தனியே எழுதவேண்டும். இந்தத் தொடரின் நடுவில் ஒரு பந்தியாக எழுதி முடிக்கிற காரியம் அல்ல. ஆனால் எது எதற்கு மேலே கிடந்தது என்ற பதிவுதான் இங்கேயும் சாட்சி என்பதைச் சொல்லாமல் கடக்க முடியவில்லை.

எடுத்ததைக் காப்பது அடுத்த சங்கடம். 1904இல் இத்தாலியரான ஸ்கியாபரெல்லி திறந்த அரசி நெபெர்தாரியின் கல்லறையில் ஓவியங்கள் சுவரிலிருந்து கழன்று விழத் தொடங்கின. காரணம் உப்பு. சுண்ணாம்புப் பாறைக்குள்ளிருந்த உப்பு ஈரத்தில் கரைந்து, வெளியே வந்து, படிகமாக இறுகி, பூச்சைத் தள்ளியது. கடற்கரையோர வீட்டுச் சுவரில் உவர் ஏறிச் சாந்து பொருக்குப் பொருக்காய் உதிர்வது போலத்தான். கெற்றி நிறுவனத்தின் ஆட்கள், பாவோலோ மோராவும் லோரா மோராவும் தலைமை தாங்க, 1986 முதல் 1992 வரை அங்கே வேலை செய்தார்கள். விழப்போகும் ஓவியத் துண்டுகளை முதலில் ஜப்பானிய முசுக்கட்டைக் காகிதப் பட்டிகளால் ஒட்டிப் பிடித்தார்கள். புதிதாக ஒரு நிறமும் தீட்டக்கூடாது என்பது அவர்களுடைய சட்டம். உதிர்ந்த இடம் உதிர்ந்த இடமாகவே இருக்கட்டும். கடனீரேரியோரம் கிடந்த எங்கள் பானைகளிலும் இதே உப்பு இருக்கிறது. எடுத்த கையோடு காயவைத்து அலுமாரியில் அடுக்கினால் சில வருடத்தில் மேற்பரப்பு செதில் செதிலாகக் கழலும். நல்ல தண்ணீரில் ஊறவிட்டு, தண்ணீரை மாற்றி மாற்றி, உப்பு அற்றபின் உலர்த்தவேண்டும். செலவில்லாத வேலை, பொறுமை மட்டும் வேண்டும். அந்தப் பொறுமைக்குச் சம்பளம் கொடுக்கத்தான் எங்கள் நாட்டில் எந்த வரவுசெலவுத் திட்டத்திலும் இடமில்லை.

மீள அமைப்பது பற்றி எனக்குச் சந்தேகங்கள் உண்டு. ஆனால் ஒரு சம்பவம் அந்தச் சந்தேகத்தை அசைத்தது. துட்டன்காமுனின் கல்லறைக்குள் நாளும் நுழைகிறவர்களின் மூச்சும் வியர்வையும் தூசியும் சுவரைக் கெடுக்கின்றன. ஆகவே பக்ரம் ஆர்ட்டே என்ற ஸ்பானிய நிறுவனம் சுவர்களை லேசரால் அளந்து, அதே அளவில், அதே கீறல்களோடு ஒரு நகலைச் செய்தது. 2014இல் அது காட்டர் குடியிருந்த வீட்டின் பக்கத்தில் திறக்கப்பட்டது. அந்த நகலோடு, இன்றைய மூலத்தில் இல்லாத ஒரு பகுதியும் காட்சிக்கு இருக்கிறது. பெட்டிகளை வெளியே எடுப்பதற்காகக் காட்டர் இடித்த சுவர்த் துண்டில் இருந்த ஓவியம் அது. இடிப்பதற்கு முன் பேர்ட்டன் எடுத்த கறுப்பு–வெள்ளைப் படத்திலிருந்து அதை மீட்டார்கள். மூலத்தின் சுவரில் காணும் பழுப்புப் புள்ளிகள் பெருகுகின்றனவா என்று எல்லாரும் பயந்தபோதும் பேர்ட்டனின் படங்களைத்தான் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். 1920களில் இருந்த அதே அளவில்தான் இருந்தன; அவற்றை உண்டாக்கிய நுண்ணுயிர்கள் எப்போதோ செத்துவிட்டன.

எங்கள் பக்கத்தில் தம்புள்ளைக்கு அருகே இப்பன்கட்டுவையில் கற்பலகைகளால் பெட்டிபோல் அடைத்த பெருங்கற்காலக் குழிகள் தோண்டிய இடத்திலேயே கூரைக்குக் கீழே காக்கப்பட்டிருக்கின்றன. கி.மு. 700க்கும் 450க்கும் இடைப்பட்டவை. ஆதிச்சநல்லூரில் 2023இல் கண்ணாடித் தரைக்குக் கீழே தாழிகளைப் பார்க்கும்படி களத்திலேயே ஓர் அருங்காட்சியகம் வந்திருக்கிறது. பொருளை இடம்பெயர்க்காத இந்த வழிதான் எனக்குப் பிடித்தது. கீழடிக்குப் பக்கத்துக் கொந்தகைத் தாழிகளில் கிடைத்த இரண்டு மண்டையோடுகளுக்கு லிவர்பூல் ஜோன் மூர்ஸ் பல்கலைக்கழகம் 2025இல் முகம் வரைந்து கொடுத்தது. எலும்பின் மேட்டுப்பள்ளத்தை வைத்துத் தசையைக் கணக்கிடுவது விஞ்ஞானம். தோலின் நிறமும் கண்ணின் பார்வையும் வரைகிறவரின் ஊகம். பத்திரிகைகள் அதைப் 'பண்டைத் தமிழனின் முகம்' என்று போட்டன. நெபெர்தாரியின் சுவரில் ஒரு துளி நிறமும் சேர்க்கமாட்டோம் என்றவர்களுக்கும் இதற்கும் உள்ள தூரத்தை வாசகர் அளந்துகொள்ளலாம்.

கிளிநொச்சி மாவட்டத்தில் இவ்வளவு பெரிய அகழ்வு எதுவும் நடக்கவில்லை. பேராசிரியர் ப. புஷ்பரட்ணம் பூநகரியில் மேற்பரப்பைத் தேடி நடந்தே ஏராளமான கறுப்பு–சிவப்பு ஓடுகளையும் எழுத்துப் பொறித்த ஓடுகளையும் பதிவு செய்து 1993இல் நூலாக்கினார். போருக்கு நடுவில் செய்த வேலை. பூநகரியில் ஆட்கள் இருந்தார்கள் என்றால் கனகராயன் ஆற்றோரம் இருந்திருக்க மாட்டார்களா என்று கேட்கத் தோன்றும். கேட்கலாம். ஆனால் ஆற்று மணலும் கிரவலும் டிப்பர் டிப்பராகப் போய்க்கொண்டிருக்கின்றன; ஒரு பெக்கோ இயந்திரம் அரை நாளில் கிளறும் மண்ணைத் தூரிகையோடு இருப்பவர் ஒரு பருவம் முழுக்க எடுப்பார். 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டப்படி பழம்பொருள் கண்டவர் அறிவிக்கவேண்டும். கண்டவர் அறிவிப்பதில்லை. ஏன் என்று எங்களுக்குத் தெரியும். குருந்தூர்மலை விவகாரம் முல்லைத்தீவு நீதிமன்றம் வரை போனதைப் பார்த்த சனம், தங்கள் காணியில் தொல்லியல் பலகை ஒன்று ஏறினால் காணி மிஞ்சாது என்று நினைக்கிறது. அந்தப் பயத்தை மூடத்தனம் என்று சொல்ல என்னால் முடியாது. ஆனால் ஓட்டைக் கண்டதும் மண்ணைப் போட்டு மூடிவிடுகிறவர் குறைந்தபட்சம் கைத்தொலைபேசியில் கிடந்தபடியே நாலு படம் எடுத்து, பக்கத்தில் அளவுக்கு ஒரு அடிமட்டத்தையும் வைத்து, எந்த வளவு, எவ்வளவு ஆழம் என்று எழுதிப் பள்ளிக்கூட வரலாற்று ஆசிரியரிடம் கொடுக்கலாம். பேர்ட்டனிடம் இருந்தது பெரிய கண்ணாடித்தட்டுக் கமரா. செய்தது இதே வேலைதான்.

இனி, தொடக்கத்தில் தள்ளிவைத்த அந்த உறவு. உரோமர் காலத்தில் மன்னர் பள்ளத்தாக்கின் கல்லறைகள் பல திறந்தே கிடந்தன. சுற்றுலா வந்தவர்கள் சுவரில் பெயர் கிறுக்கினார்கள். கிரேக்க மொழியில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கிறுக்கல்களை ஜூல் பயே என்ற பிரெஞ்சுக்காரர் 1926இலேயே தொகுத்துவிட்டார். அவற்றுக்கு நடுவில் இருந்த வேறு சில கிறுக்கல்கள் யாராலும் வாசிக்கப்படாமல் கிடந்தன. சார்லொட் ஷ்மிட், இங்கோ ஸ்ட்ராவுக் என்ற இரு அறிஞர்கள் அவற்றை வாசித்து 2026 பெப்ரவரியில் சென்னைக் கல்வெட்டியல் மாநாட்டில் வெளியிட்டார்கள். ஆறு கல்லறைகளில் ஏறத்தாழ முப்பது பொறிப்புகள். தமிழ்ப் பிராமி, பிராகிருதம், சமஸ்கிருதம். சிகை கொற்றன் என்ற ஒரு தமிழன் மட்டும் ஐந்து கல்லறைகளில் எட்டு இடத்தில் தன் பெயரை வெட்டியிருக்கிறான்.

இன்றைக்கு அப்படிச் செய்தால் எகிப்தியப் பொலிஸ் பிடித்துக்கொண்டு போகும். கொற்றன் செய்ததும் சேதம்தான். ஆனால் அந்தச் சேதத்தைத் துடைத்துவிடாமல் பாதுகாப்பது இப்போது காப்பாளர்களின் வேலைகளில் ஒன்றாகிவிட்டது. செங்கடல் துறையான பெரெனிக்கேயில் கிடைத்த ஓட்டில் கொற்றபூமான் என்றும், குசேர் அல் காதிமில் கண்ணன், சாத்தன் என்றும் பெயர்கள் ஏற்கெனவே கிடைத்திருக்கின்றன. அந்தப் பெயர்கள் துறைமுகத்தோடு நின்றுவிட்டன. கொற்றன் துறைமுகத்திலிருந்து பாலைவனத்தைக் கடந்து, நைலுக்குப் போய், ராசாக்களின் கல்லறைகளை ஒவ்வொன்றாகச் சுற்றிப் பார்த்திருக்கிறான். அவன் எந்தக் கரையில் கப்பலேறினான் என்பதை அந்தச் சுவர் சொல்லவில்லை. அந்தக் காலத்தில் இந்தக் கடலில் ஓடிய கப்பல்கள் வந்து தட்டிய துறைகளில் ஒன்று எங்களுக்குப் பக்கத்தில் இருக்கிறது. கார்ஸ்வெல் 1984இல் விட்டுவிட்டுப் போன மாந்தை மேட்டை அடுத்த இதழில் பார்ப்போம்.